மூன்று தண்ணீரில் அலசிய சோளம்

கிறிஸ்துமஸ் முடிந்த திங்கட்கிழமை காலை. பின்னால் களத்தில் பறவைகளுக்குத் தீனி இறைத்துவிட்டு வந்து, தொட்டியடியில் கையை நனைத்தேன். வாளித் தண்ணீர் லேசாகச் சிவந்தது.

கையில் எங்கோ கீறிக்கொண்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். விளக்கைப் போட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். காயம் எதுவும் இல்லை. விரல் இடுக்கிலும் நகத்தடியிலும் ரோஸ் நிறம் ஒட்டியிருந்தது. அந்த நிறத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே அந்த நிறத்தால்தான்.

தேவாரம் கடைவீதியில் எங்களுக்கு விதை, உரம், பூச்சிமருந்துக் கடை. சோள விதை, பருத்தி விதையெல்லாம் மருந்து பூசித்தான் வரும். மண்ணுக்குள் புழு தின்னாமல் இருக்க மருந்து. வீட்டில் யாரும் தெரியாமல் எடுத்து உலையில் போட்டுவிடாமல் இருக்கச் சாயம். பறவைகள் தின்றால் என்ன ஆகும் என்று பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில் போட்டிருக்கும். எங்கள் கடையில் அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் நான்தான். படித்ததற்குக் காரணமும் என் பறவைகள்தான்.

அந்தச் சாயம் என் கையில் எப்படி வந்தது? நான் வழக்கமாக இறைப்பது கம்பும் செஞ்சோளமும் கலந்த தீனி. பத்து நாளாக அது தீர்ந்துபோய், டின்னைத் தட்டினால் தூசிதான் வந்தது. சனிக்கிழமை என் வீட்டுக்காரரோடு அதற்காகவே ஒரு பெரிய சண்டை போட்டேன். "ஊருக்கெல்லாம் வெத தூக்கிக் குடுக்குறீக, வீட்டுக்கு ஒரு படி கம்பு வாங்கியாரத் துப்பில்ல" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை முந்திக்கொள்ளும். இன்று விடியற்காலை டின்னைத் தூக்கினேன், கனமாக இருந்தது. பரவாயில்லை, மனுசனுக்குச் சூடு சொரணை இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே இருட்டோடு இருட்டாக உள்ளே இருந்த இரண்டு படியையும் இறைத்துவிட்டு வந்திருந்தேன். அள்ளும்போது தானியம் கொஞ்சம் ஈரமாகப் பட்டது. மார்கழிப் பனி என்று விட்டுவிட்டேன்.

டின்னுக்கு ஓடினேன். அடியில் ஒட்டியிருந்ததை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். வெளிறிப்போன சோளம். ஒவ்வொன்றின் முனையிலும் இன்னும் ரோஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தைப் பார்த்து இருக்கிறது. பின்னால் பெரிய சிமெண்டுக் களம், அதற்கப்பால் செம்மண் தரை, முள்வேலி, பிறகு காடு. கதிரடிக்க மெஷின் வயலுக்கே வந்துவிட்டதால் களம் சும்மாதான் கிடக்கும். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில் கம்பு புடைத்துச் சிந்தியதைப் பொறுக்க ஒரு குருவிக்கூட்டம் வந்தது. மறுநாளும் வந்தது. அப்புறம் நான் வேண்டுமென்றே சிந்த ஆரம்பித்தேன். ஐப்பசி மழை ஓய்ந்ததும் தொடங்கி மாசி வரைக்கும் தினமும் இறைப்பேன். பைனாகுலர் ஒன்று வாங்கினேன். நோட்டுப்போட்டு எழுதினேன். சபையில் பெண்கள் கூட்டத்தில் என்னைக் 'குருவிக்காரி' என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும், அவர்கள் தையல் வகுப்பை நான் கேலி செய்யாமலா இருக்கிறேன்.

தீனி இறைத்ததும் நேரே வீட்டுக்கு வந்து கைகழுவி, காப்பி போட்டுக்கொண்டு திரும்பிப்போய், டின் மூடியை மூன்று தட்டுத் தட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டால் முதலில் மணிப்புறாக்கள் வரும், பிறகு சில்லைக் குருவிகள். குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கேயிருந்து வரும் சோளக்குருவிகள், ரோஸ் உடம்பும் கறுப்புத் தலையுமாகக் கூட்டம் கூட்டமாக வந்து கரண்டுக் கம்பியில் உட்காரும். புளியமர உச்சியில் வெயில் பட்டவுடன் எல்லாம் ஒரே வீச்சில் களத்தில் இறங்கும்.

கடைசியாக, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வேலிக்கு அடியிலிருந்து ஒரு ஜோடிக் கௌதாரி வரும். இந்தப் பக்கத்தில் கௌதாரி என்று சொன்னாலே ஆட்களுக்கு மசாலா வாசம்தான் வரும். கண்ணி வைத்துப் பிடித்தே அதுகளைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டார்கள். முதல் வருடம் சன்னல் கதவு அசைந்தாலே ஓடிவிடும். இரண்டாவது வருடம் நான் வாசல்படியில் அசையாமல் உட்கார்ந்தால் பொறுத்துக்கொண்டன. இந்த வருடம்தான், நான் களத்தில் நிற்கும்போதே, ஐந்தடி தள்ளி என் காலைப் பார்த்துக்கொண்டே பொறுக்கின. நான் பெற்ற பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் வேலை. அதுகள் போன் பண்ணுவதைவிட இந்த ஜோடி ஒழுங்காக வரும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதுகளுக்காகச் சிமெண்டுக் களத்தில் இறைத்தது போக, வேலியோரச் செம்மண்ணிலும் ரெண்டு கை தூவியிருந்தேன்.

விளக்குமாறையும் டின்னையும் எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினேன். மலையுச்சியில் அதற்குள் வெயில் விழுந்துவிட்டது. இன்னும் கால் மணி நேரத்தில் புளியமரத்துக்கு வந்துவிடும். குனிந்து அரக்கப் பரக்கக் கூட்டினேன். கூட்டக் கூட்டச் சோளம் உருண்டு ஓடியது. சிமெண்டு வெடிப்புக்குள் போய் விழுந்தது. நான் நாலு வருடம் கைவீச்சில் பழகியது, எந்த மூலையிலும் ஒன்று விடாமல் பரத்தி இறைப்பது. அந்தத் திறமை அன்று எனக்கே எதிரியானது.

"என்னங்க! எந்திரிச்சு வாங்க! டின்னுல என்னத்தப் போட்டு வச்சீக?"

வாயில் பிரஷ்ஷோடு அவர் பின்வாசலுக்கு வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. ஒளித்துவைத்த சாமானை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்கிற சிரிப்பு.

"பாத்துட்டியா? சனிக்கெழம அந்தக் குதி குதிச்சேல்ல. தேதி முடிஞ்ச சோளம் ஒரு பை கெடந்துச்சு, கம்பெனிக்காரன் திருப்பி எடுக்க மாட்டேன்ட்டான். நேத்து நீ கூட்டத்துக்குப் போனப்ப மூணு தண்ணி அலசி, மாடில காயப்போட்டு எடுத்தேன். சாயம் பூராம் போயிருச்சு."

நான் கூட்டத்திலிருந்து வரும்வரை அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்து சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறார். கல்யாணமானதிலிருந்து எனக்காக அவர் ஒரு காப்பித் தம்ளர் கழுவியதில்லை.

"சாயம் போனா மருந்து போயிருமா?"

"மூணு தண்ணிடி."

"மருந்து மேல மட்டுந்தான் இருக்கா, உள்ள இறங்கிருமா? நீங்கதான கடைல நின்னு சொல்லுவீக? கையுறை போடுங்க, கைய நல்லாக் கழுவுங்கன்னு?"

"அது வெதைக்க எடுக்குறப்ப. இது பழைய சரக்கு. வீரியமெல்லாம் போயிருக்கும். சும்மா காலங்காத்தால எழவு கூட்டாத."

நான் விளக்குமாறை நிறுத்தினேன். கூட்டிய குவியலில் ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"அப்பத் தின்னுங்க. ஒரு வாய் தின்னு காட்டுங்க, நான் பேசாமப் போயிர்றேன்."

அவர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். என்மேல் இருந்த ரோசத்தில் போட்டாலும் போட்டுவிடுவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. தட்டிவிடக் கையைத் தூக்கினேன். ஆனால் அவர் கை வாய்க்குப் போகவே இல்லை. பிடியை மெல்லக் குவியலிலேயே போட்டார். கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். வேட்டியில் ரோஸ் தீற்றல் விழுந்திருந்தது.

"இன்னொரு வாருகோல் எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

இருவரும் இரண்டு பக்கமாகக் கூட்டினோம். மணிப்புறா இரண்டு வந்து களத்து விளிம்பில் உட்கார்ந்தன. "ச்சூ" என்றேன். கேட்கவில்லை. என் குரல் அதுகளுக்குப் பழகிய குரல். முந்தானையை வீசினேன். ஓரடி தள்ளி உட்கார்ந்தன. விளக்குமாறைத் தூக்கிக்கொண்டு பாய்ந்த பிறகுதான் பறந்தன.

தலைக்குமேல் காற்று வீசுகிறதுபோல் ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் சோளக்குருவிகள். கம்பியில் இடமில்லாமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உட்கார்ந்தன. மிச்சம் புளியமரத்துக்குப் போயின. களத்தில் இன்னும் பாதிகூடக் கூட்டி முடியவில்லை. புளியமர உச்சியில் வெயில் தொட்டுவிட்டது.

"விரட்டுங்க, விரட்டுங்க!" என்று கத்தினேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்கு அகப்பட்டது என் டின். மூடியை எடுத்து டங் டங் டங் என்று அடித்தார்.

இதற்கு முன்னால் அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் களத்துக்கு வந்தவரில்லை. அது சோற்றுக்குக் கூப்பிடும் சத்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கம்பியில் இருந்த கூட்டம் முழுவதும் இறங்கியது. எங்கள் இருவருக்கும் நடுவில், காலுக்கடியில், கூட்டாத பாதிக் களத்தில். அவர் இன்னும் பலமாக அடித்தார். புளியமரத்தில் இருந்ததும் இறங்கியது.

"அடிக்காதீக! அய்யோ ஏசப்பா, அடிக்காதீக! கூப்புடுறதாட்டம் ஆகுது!"

மூடியைக் கீழே போட்டார். நான் பைத்தியக்காரி மாதிரி விளக்குமாறைச் சுழற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினேன். ஓடிய இடத்தில் எழும்பின, பின்னால் இறங்கின. எத்தனை கொத்தின, எத்தனை கொத்தவில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் வீட்டுக்குள் ஓடினார். எங்கே போகிறார் இந்த மனுசன் என்று திட்டினேன்.

அப்போதுதான் வேலியோரத்தைப் பார்த்தேன். இந்த அமளியிலும், மூடிச் சத்தத்தை நம்பி, கௌதாரி இரண்டும் வந்துவிட்டிருந்தன. பெட்டை மண்ணைக் காலால் சீய்த்துக்கொண்டிருந்தது. சேவல் குனிந்தது. ஒன்று எடுத்தது. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. மறுபடி குனிந்தது.

கையை ஆட்டினேன். போகவில்லை. கிட்டே ஓடினேன். என்னைப் பார்த்து ஓடக்கூடாது என்று மூன்று குளிர்காலம் நான் பாடுபட்டுப் பழக்கிய பறவை, பழகினபடியே நின்றது.

கீழே கிடந்த சல்லிக்கல்லை எடுத்து எறிந்தேன். அதன் காலடியில் விழுந்து, தெறித்த மண் அதன் நெஞ்சில் அடித்தது. அது ஓடவில்லை. ஒரு நொடி என்னையே பார்த்தது. இரண்டாவது கல் அதன் சிறகை உரசிக்கொண்டு போனது. குறிபார்த்துத்தான் எறிந்தேன். அப்புறம்தான் இரண்டும் வேலிக்குள் பாய்ந்தன. அதே நேரத்தில் என் பின்னால் படபடவென்று வெடித்தது. புது வருட ஆராதனைக்கு என்று வாங்கி வைத்திருந்த சரவெடியை அவர் கொளுத்திக் களத்து நடுவில் எறிந்திருந்தார்.

புகை கலைந்தபோது வானத்தில் ஒரு பறவை இல்லை. கம்பி வெறுமையாக இருந்தது. நான் செம்மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

வெடிச் சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். எங்களைவிடப் பத்து வயது இளையவள், கோழி வளர்க்கிறவள்.

"என்ன மதினி, இன்னைக்கே புது வருசமா?"

அவர்தான் நடந்ததைச் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. அவள் கேட்டுவிட்டுச் சாதாரணமாக, "கழுவித்தானண்ணே போட்டீக? நாங்க வெத மிஞ்சினா கழுவிட்டுக் கோழிக்குப் போடுறதுதான். ஒங்க கிட்டயே கேட்டேனே, போன வருசம். சரி சரின்னு தலைய ஆட்டுனீக" என்றாள்.

"கோழிக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகல. ரெண்டு செத்துச்சு. அது சீக்கு மதினி, கழுத்து சாஞ்சு, கால இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சுக."

என் வீட்டுக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கடையில் கூட்ட நேரத்தில் அவர் தலையாட்டுவதை நானும் கண்டிருக்கிறேன். முதல் சில வருடம் ஒவ்வொருவருக்கும் நின்று சொன்னார். யாரும் கேட்கவில்லை. பிறகு அவரும் ஆட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு மூட்டையைத் தூக்கப் போய்விடுவார். சொல்லிச் சொல்லிச் சலித்து, கடைசியில் தான் சொன்னதைத் தானே நம்பாமல் போயிருக்கிறார்.

"இனிமேப் போடாதத்தா" என்று அவளிடம் சொன்னார். "மிஞ்சுன வெதையக் கடைக்குக் கொண்டாந்துரு. நான் எடுத்துக்கிறேன்." கம்பெனிக்காரன் திருப்பி எடுக்காததை இவர் எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று நான் கேட்கவில்லை.

அன்று கடை திறக்கவில்லை. மதியம் வரை இருவரும் களத்தில் குத்தவைத்து, சிமெண்டு வெடிப்புகளில் இருந்த சோளத்தை ஈர்க்குச்சியால் நெம்பி எடுத்தோம். வேலியோர மேல்மண்ணை மண்வெட்டியால் செதுக்கிச் சாக்கில் அள்ளினோம். எல்லாவற்றையும் வீட்டு வாசலுக்கு அந்தப்பக்கம் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்து, மேலே கல் வைத்தோம். களம் முழுக்கத் தார்ப்பாய் விரித்தோம். சாயங்காலம் புளியமரத்துக்கு அடியில் ஒரு சோளக்குருவி கிடந்தது. சிறகைப் பாதி விரித்துக்கொண்டு எழும்பப் பார்த்தது, முடியவில்லை. பெட்டியில் துணி போட்டு வைத்தேன். இரவு பார்த்தபோது விறைத்திருந்தது.

ஒன்றுதான் கிடந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. சோளக்குருவி ஒரு தோட்டத்தில் தின்று இன்னொரு ஊரில் அடைகிறது. எங்கெங்கே விழுந்தன என்று யாருக்குத் தெரியும்?

கௌதாரியோ எங்கேயும் போகாத பறவை. இருந்தால் இந்த வேலியில்தான் இருக்க வேண்டும், செத்தாலும் இங்கேதான். சேவல் ஒன்று எடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். நான் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை எடுத்தது?

செவ்வாய்க்கிழமை வேலிப்பக்கம் சத்தமே இல்லை. வழக்கமாக விடியுமுன் அதுகள் இரண்டும் ஊரையே எழுப்பும். புதன்கிழமையும் இல்லை. நாங்கள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். உப்புப் போதுமா, போதும். கடைச் சாவி எங்கே, ஆணியில். நான் அவரைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஆனால் டின்னை நிரப்பச் சொல்லிச் சண்டை போட்டவள் நான், இருட்டில் பார்க்காமல் இறைத்தவள் நான். யாரைத் திட்ட?

வியாழக்கிழமை விடியற்காலை விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, கையில் டார்ச்சுடன், வேலியோரம் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தார். முள்ளை விலக்கி அடியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. அந்தப் பை எதற்கென்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. செத்துக் கிடந்தால், நான் எழுந்து பார்ப்பதற்குள் எடுத்துவிட நினைத்திருக்கிறார். மூன்று நாளும் அப்படித்தான் போயிருக்கிறார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் அந்த நிமிடத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை.

சால்வையைப் போர்த்திக்கொண்டு நானும் இறங்கினேன். அவர் என்னைப் பார்த்ததும் பையைப் பின்னால் மறைத்தார். அவர் விட்ட இடத்திலிருந்து இருவரும் சேர்ந்து தேடினோம். வேலி முடிந்து, ஓடைக்கரை வரை போய்விட்டோம். நன்றாக விடிந்துவிட்டது. முன்னால் போன அவர் சட்டென்று நின்று, திரும்பாமலே எனக்குக் கையைக் காட்டினார்.

ஓடை மணலில், இருபதடி தள்ளி, இரண்டும் நின்றன. முன்னால் சேவல். அதன் சிறகில் ஓர் இறகு முறுக்கிக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. என் இரண்டாவது கல் உரசிய பக்கம். நான் என்னை அறியாமல் ஓரடி முன்னால் வைத்தேன்.

அது என்னைப் பார்த்தது. அடையாளம் தெரிந்தது. மறு நொடி கழுத்தை நீட்டிக்கொண்டு, கால் மணலில் பாவாமல், ஓட்டம் பிடித்தது. பெட்டை பின்னால். அவரைப் பார்த்து ஓடவில்லை, அவர் பக்கமாகவே சாய்ந்து, என்னிடமிருந்து ஓடின. கரையில் ஏறி, கல்லைத் தாண்டி, காட்டுக்குள் போய் மறைகிறவரை கொஞ்சமும் தடுமாறவில்லை.

"கால் நல்லாருக்கு" என்றார் அவர். "பாத்தியா? கால் நல்லா இருக்கு."

"ஆமாங்க" என்றேன். "நல்லா ஓடுது."